முதல் சம்பளம்... முதல்ல எதுக்கு?

பைக்கா, சைட்டா, பாலிசியா? வரிசை தெரிஞ்சவங்கதான் நிஜமான பணக்காரங்க!

‘‘ஒரே ஒரு ஆஃபர் லெட்டர் மட்டும் கைக்கு வரட்டும் மச்சி... அப்புறம் லைஃப் செட்டில்!’’

பீளமேடு, சரவணம்பட்டி, பெருந்துறை... எந்த கேம்பஸ் கேன்டீனா இருந்தாலும் ஃபைனல் இயர் பல்லவி இதுதான். சரி, ஒரே ஒரு கேள்வி. செட்டில்னா என்னங்க? என்னென்ன இருந்தா நீங்க செட்டில்?

ஒரு பேப்பர் எடுங்க. தோணுறதை எல்லாம் வரிசையா எழுதுங்க. நல்ல போன், பைக், மாசம் ரெண்டு சினிமா, அம்மாவுக்கு ராஜ வீதியில ஒரு செயின், ஊர்ல ஒரு சைட்டு, தங்கச்சி கல்யாணம், கார், வீடு... எழுதிட்டீங்களா? இப்போ ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கேள்வி போடுங்க: ‘இது இல்லாமப் போனா, லிஸ்ட்ல இருக்கற மத்தது எல்லாம் நிக்குமா, சரியுமா?’

போன் இல்லாமப் போனா வருத்தம்தான். ஆனா வீடு இடிஞ்சு விழாது. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில 3 லட்சம் கட்டச் சொன்னா? செயின் அடகுக்குப் போகும், சைட்டு விலைக்குப் போகும், தங்கச்சி கல்யாணம் தள்ளிப் போகும். ஆனா பாருங்க... உங்க லிஸ்ட்ல ‘ஆஸ்பத்திரி’ங்கற வார்த்தையே இருக்காது!

அங்கதான் மேட்டர். உணவு, உடை, உறைவிடம்னு மூணு அடிப்படைத் தேவையை மூணாங்கிளாஸ்லயே படிச்சுட்டோம். எம்.பி.ஏ. பசங்களைக் கேட்டா, ‘மாஸ்லோ 1943-லயே சொல்லிட்டாரே’னு முக்கோணம் போட்டுக் காட்டுவாங்க. (அந்த முக்கோணத்தை வரைஞ்சது மாஸ்லோ இல்லை, பின்னாடி வந்தவங்கன்னு சொல்லி அவங்களை மடக்கலாம்!) ஆனா மாசச் சம்பளத்துல வாழப் போற ஒருத்தருக்கு எது முதல், எது ரெண்டாவதுன்னு எந்த சிலபஸும் சொல்லித் தர்றதில்லை. அதை நம்ம ஊரே சொல்லித் தருது. கொங்கு மண்ணுல நடந்த கதைகளைக் கொஞ்சம் புரட்டினாலே போதும்.

பாடம் 1: நம்ம ஊர் வருமானம் திடீர்னு நிக்கும்!

கோவை, திருப்பூர், ஈரோடு... உழைக்கறவங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லாத ஊர்னு பேரு. பனியன், பம்ப்செட், ஃபவுண்டரி, விசைத்தறி, கோழிப்பண்ணைன்னு வீட்டுக்கு ஒரு தொழில். ஆனா இந்த ஊருக்கு இன்னொரு குணமும் உண்டு. எங்கேயோ ஒரு சுவிட்ச்சைத் தட்டினா, இங்கே லட்சம் வீட்டு அடுப்பு ஆடும்.

2011 ஜனவரி. நொய்யல் நதி மாசுபட்ட வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால, திருப்பூர்ல 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நதிக்கு அது நியாயம். அடுத்த சனிக்கிழமை சம்பளக் கவர் இல்லாம வீட்டுக்குப் போனவருக்கு? அதே காலகட்டத்துல மணிக்கணக்குல மின்வெட்டு. பம்ப்செட் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் பாதி நாள் சும்மா கிடந்தன. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிப்பு. ரொக்கத்துலயே சம்பளம் ஓடிட்டு இருந்த சின்ன யூனிட்டுகள் தவிச்சுப் போச்சு. 2020 மார்ச்ல ஊரடங்கு. வட மாநிலத் தொழிலாளிகள் மூட்டை முடிச்சோட கிளம்பினதை டி.வி-யில பார்த்தோமே, மறக்குமா? 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி போட்டப்போ, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் ஆர்டர் ரத்தாகுமோன்னு கையைப் பிசைஞ்சாங்க.

கவனிச்சீங்களா? 2011-ல இருந்து 2025-க்குள்ள இத்தனை தடவை. இதுல எதுலயும் தொழிலாளி மேல தப்பு கிடையாது. நல்லா வேலை தெரிஞ்சவர், ஒருநாள் கூட லீவு போடாதவர்... அவருக்கும் வருமானம் நின்னுச்சு.

‘நான் ஐ.டி. போறேன் பாஸ், எனக்கென்ன?’னு கேட்காதீங்க. ப்ராஜெக்ட் முடிஞ்சா ‘பெஞ்ச்’, பெஞ்ச் நீண்டா மெயில்... இது உங்க சீனியர்ஸுக்குத் தெரிஞ்ச கதைதான். ஆஃபர் லெட்டர் வந்து ஜாயினிங் தேதி வராம ஒரு வருஷம் உட்கார்ந்திருந்த பசங்களையும் எல்லா பேட்ச்லயும் பார்க்கலாம்.

அப்போ ‘செட்டில்’ங்கறது சம்பளம் வர்றது மட்டும் இல்லை. சம்பளம் வராத நாலு மாசத்தையும் யார் கால்லயும் விழாம தாண்டறதுதான். அந்த நாலு மாசக் கைக்காசு அடிப்படைத் தேவை. அதுக்குப் பக்கத்துல ஒரு டிக் அடிச்சுக்குங்க.

பாடம் 2: மில் தொழிலாளி கத்துக் கொடுத்த வரிசை

சிங்காநல்லூர் பக்கம் பஸ்ல போறப்போ இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைப் பார்த்திருப்பீங்க. 2020 கொரோனா நேரத்துல கோவைக்கே சிறப்பு மருத்துவமனையா நின்னது அதுதான். ஆனா அந்த மூணெழுத்துக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு.

இ.எஸ்.ஐ. திட்டம் 1952 பிப்ரவரியில முதன்முதலா கான்பூர்லயும் டெல்லியிலயும் தொடங்கிச்சு. தமிழ்நாட்டுல எந்த ஊர்ல முதல்ல வந்துச்சு தெரியுமா? சென்னை இல்லை. நம்ம கோவை! 1955 ஜனவரியில இங்கேதான் ஆரம்பம். காரணம் சிம்பிள். பைகாரா மின்சாரம் 1930-களில் வந்த பிறகு வரிசையா மில் வந்த ஊரு. பஞ்சுத் தூசியில நின்னு ஷிஃப்ட் பார்க்கற தொழிலாளிக்கு உடம்புதான் முதலீடு. இழுப்பு வந்து படுத்தா கூலி போச்சு, வைத்தியச் செலவும் ஏறிச்சு. அடி ரெண்டு பக்கமும்.

அந்தத் திட்டத்தோட சூட்சுமம் என்னன்னா, வைத்தியம் மட்டும் இல்லை... படுத்திருக்கற நாளுக்கு சம்பளத்துல ஒரு பகுதியையும் தரும். அதாவது ‘உடம்பு’, ‘வருமானம்’ங்கற ரெண்டு தூணையும் ஒரே நேரத்துல தாங்கும். சொந்த வீடு, நகை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இது உங்களுக்கு எதுக்குன்னு கேக்கறீங்களா? இருக்கே! 2017-ல நிர்ணயிச்ச வரம்புப்படி மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. 2019 ஜூலையில இருந்து உங்க பங்கு சம்பளத்துல 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். உங்களையே நம்பி இருக்கற அப்பா, அம்மாவுக்கும் வைத்தியம் கிடைக்கும். இப்போ ஒரு வேடிக்கை பாருங்க. ஒரு கம்பெனி 20,000 தருது, இன்னொரு கம்பெனி 22,000 தருது. நாம கண்ணை மூடிட்டு 22,000-க்குப் போவோம். அந்தக் கம்பெனியில குரூப் இன்ஷூரன்ஸும் இல்லைன்னா, கூட வர்ற 2,000-க்காக வீட்டுல மூணு பேரோட வைத்தியப் பாதுகாப்பை விட்டுட்டு வர்றோம்னு அர்த்தம். 22,000 வேண்டாம்னு சொல்லலை. வாங்குங்க. ஆனா அதுல இருந்து முதல் செலவு மெடிக்கல் பாலிசியா இருக்கட்டும். இன்டர்வியூவில ‘எனி கொஸ்டின்ஸ்?’னு ஹெச்.ஆர். கேக்கறப்போ தலையை ஆட்டிட்டு வராம, ‘இ.எஸ்.ஐ. உண்டா, மெடிக்கல் கவர் எவ்வளவு, பேரன்ட்ஸுக்கும் சேருமா?’னு கேளுங்க. வரம்பு மாறியிருக்கான்னும் அங்கேயே கேட்டுடுங்க. கெத்தாவும் இருக்கும்!

கம்பெனி தர்ற குரூப் பாலிசிக்கு ஒரு குணம் உண்டு... வேலையோட சேர்ந்து அதுவும் போயிடும். சொந்தமா ஒண்ணு எடுக்க இருபத்தி ரெண்டு வயசுதான் சரியான வயசு. பிரீமியம் கம்மி. சர்க்கரை, பிரஷர் எதுவும் வந்திருக்காது. ஏற்கெனவே இருக்கற நோய்க்கு உடனே பணம் தர மாட்டாங்க, காத்திருப்புக் காலம் உண்டு. 2024-ல அதை அதிகபட்சம் 3 வருஷம்னு குறைச்சாங்க. தனிநபர் ஹெல்த், லைஃப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜி.எஸ்.டி-யும் நீங்கிச்சு.

வீட்டு வருமானம் குறைவா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா ஆரம்பிச்சு, 2012-ல இந்த வடிவத்துக்கு வந்துச்சு. 2018-ல மத்திய அரசுத் திட்டத்தோட இணைஞ்சு, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சை. ஆண்டு வருமான வரம்பை 72,000-ல இருந்து 1,20,000 ரூபாயா உயர்த்தினாங்க. கலெக்டர் ஆபீஸ்ல அதுக்கு ஒரு மையமே இருக்கு. உங்க வீட்டுல அந்த அட்டை இருக்கா? எந்த டப்பாவுல இருக்கு? முதல்ல அதைத் தேடுங்க.

பாடம் 3: மூணு வருஷம் உழைச்ச பொண்ணுங்க

இது கொஞ்சம் கனமான கதை. ஆனா கேர்ள்ஸும் பாய்ஸும் சேர்ந்தே படிக்க வேண்டியது.

‘சுமங்கலித் திட்டம்’ கேள்விப்பட்டிருக்கீங்களா? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகள் பலதுல 1990-களின் கடைசியில இருந்து பரவின ஏற்பாடு. ‘கேம்ப் கூலி’ன்னும் சொல்வாங்க. தென் மாவட்டங்கள்ல இருந்தும் மலையோரக் கிராமங்கள்ல இருந்தும் பதின்வயசுப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து, மில் ஹாஸ்டல்லயே தங்க வெச்சு வேலை வாங்கினாங்க. மூணு வருஷம் முடிச்சா கல்யாணச் செலவுக்குன்னு 30,000, 50,000-ன்னு மொத்தமா ஒரு தொகை. அதுவரைக்கும் கையில கிடைக்கறது கொஞ்சம்தான். நடுவுல உடம்பு முடியாம திரும்பிப் போனா? மொத்தத் தொகை பல இடங்கள்ல கைக்கு வரலை. இதைப் பத்தி உள்நாட்டுலயும் வெளிநாட்டுலயும் அறிக்கைகள் வந்து, நம்ம ஊர்த் துணியை வாங்கற வெளிநாட்டு பிராண்டுகள் கேள்வி கேட்கற அளவுக்குப் போச்சு.

இதுல மில் பக்கத்துத் தப்பு தனி. அந்தப் பெத்தவங்க எதை ‘அடிப்படைத் தேவை’ன்னு நினைச்சாங்கன்னும் கொஞ்சம் யோசிங்க. பொண்ணோட படிப்பா, மாசாமாசம் கைக்கு வர்ற முழுச் சம்பளமா, ஆரோக்கியமா? இல்லை. கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. ஊரு அவங்களை அப்படி நினைக்க வெச்சுது. வறுமையும் சேர்ந்து தள்ளுச்சு. மூணு வருஷம் கழிச்சு சில பொண்ணுங்க பணத்தோட வந்தாங்க. சில பொண்ணுங்க மூச்சுத் திணறலோட வந்தாங்க.

அப்போ நம்ம லிஸ்ட்ல ஒரு முக்கியமான வரி: உங்க சம்பளம் உங்க பேர்ல, உங்க பேங்க் அக்கவுன்ட்ல, மாசாமாசம் வரணும். ‘மொத்தமா அப்புறம் தர்றோம்’ங்கற வார்த்தையை எந்த வேலையிலயும் நம்பாதீங்க. பாண்ட் எழுதி வாங்கற கம்பெனி, சர்ட்டிஃபிகேட்டை வெச்சுக்கற கம்பெனி எல்லாம் இதோட தம்பிங்கதான். கேர்ள்ஸ்... கல்யாணத்துக்குச் சேர்க்கறதுக்கு முன்னாடி, ஆறு மாசம் நீங்களே உங்களைப் பார்த்துக்கற அளவுக்குச் சேர்த்துக்குங்க. பாதுகாப்பான ஹாஸ்டல், ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சா வீடு வரைக்கும் கேப்... இதுவும் உங்களுக்கு ஆடம்பரம் இல்லை, அடிப்படை.

பாடம் 4: ஈமு கோழி ஓடின வேகம்

இப்போ சிரிச்சுக்கிட்டே அழ வேண்டிய கதை. ஈமு!

பெருந்துறை பக்கம் 2010, 2011-ல எங்கே திரும்பினாலும் ஈமு கோழிப் பண்ணை போர்டு. ‘லட்சம், ஒன்றரை லட்சம் கட்டுங்க... குஞ்சும் நாங்களே தர்றோம், தீவனமும் நாங்களே தர்றோம், மாசாமாசம் ஆயிரக்கணக்குல பணம், வருஷத்துக்கு போனஸ்’னு விளம்பரம். அதுல சினிமா முகங்கள் வேற. ரிட்டயர்டு வாத்தியார், பால்காரர், தோட்டத்தை அடமானம் வெச்ச விவசாயின்னு எல்லாரும் போட்டாங்க. 2012 ஆகஸ்ட்ல பெருந்துறை சுசி ஈமு பார்ம்ஸ் சரிஞ்சுது. பின்னாலேயே வரிசையா மத்த கம்பெனிகளும். தீவனம் இல்லாம நின்ன பறவைகளுக்கு கால்நடைத் துறை போய்த் தீனி போட வேண்டிய நிலைமை ஆச்சு.

அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 2009-ல, திருப்பூர்ல பாஸி ஃபாரெக்ஸ் கதை. அந்நியச் செலாவணி வர்த்தகம்னு சொல்லி 50,000-க்கும் மேற்பட்டவங்க கிட்ட இருந்து 900 கோடி ரூபாய்க்கு மேல வாங்கின மோசடி. கோவை டான்பிட் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு 27 வருஷ சிறைத் தண்டனை கொடுத்த தீர்ப்பு எப்போ வந்துச்சு? 2022 ஆகஸ்ட்ல! 2009-ல ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த பிள்ளை, தீர்ப்பு வந்தப்போ காலேஜ் ரெண்டாவது வருஷத்துக்கு வந்திருக்கும். அந்தப் பிள்ளை படிப்புக்குன்னு போட்ட பணமா இருந்தா?

இங்கே ஏமாந்தவங்க பேராசைக்காரங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறோம். அது சரியில்லை. நிறையப் பேர் சிக்கனமானவங்க. வருஷக்கணக்குல சேர்த்தவங்க. அவங்க வழுக்கினது வரிசையில. வைத்தியத்துக்கான காசு, ஆறு மாசச் செலவுக்கான காசு, பொண்ணு படிப்புக்கான காசு... இது எதையும் தனியா பிரிச்சு வைக்காம, எல்லாத்தையும் ஒரே கூடையில கொட்டிட்டாங்க. கூடை போச்சு... எல்லாம் போச்சு.

உங்களுக்கு ஒரு குட்டி டெஸ்ட். யாராவது ‘லட்சத்துக்கு மாசம் நாலாயிரம்’னு சொன்னா, உடனே 12-ஆல பெருக்குங்க. 48,000. அதாவது வருஷத்துக்கு 48 சதவீதம். பேங்க் டெபாசிட்ல கிடைக்கறதைப் போல பல மடங்கு. அவ்வளவு லாபம் வர்ற தொழில்னா, அவர் ஏன் உங்க லட்சத்தைத் தேடி வீட்டு வாசலுக்கு வர்றார்? பேங்க்ல போட்டா, அந்த பேங்க்கே மூழ்கினாலும் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் டெபாசிட் இன்ஷூரன்ஸ் இருக்கு. 2020 பிப்ரவரியிலதான் அதை 1 லட்சத்துல இருந்து ஏத்தினாங்க. ஈமுவுக்கு யார் இன்ஷூரன்ஸ்?

இன்னிக்கு ஈமு இல்லை. ஆனா டெலிகிராம் குரூப்ல ‘டெய்லி ப்ராஃபிட்’ மெசேஜ் வருதே... அது இறகு இல்லாத ஈமு!

சரி, வரிசைதான் என்ன?

இத்தனை கதையையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தா, ஏணி ஒண்ணு தானா தெரியும்.

முதல் படி: சாப்பாடு, கூரை. ரேஷன் கடையில 2011 ஜூன்ல இருந்து அரிசி இலவசமா கிடைக்க ஆரம்பிச்சதால நம்ம மாநிலத்துல பசிங்கற பயம் கொஞ்சம் தள்ளிப் போச்சு. வாடகை மட்டும் உங்க கணக்கு. சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வாடகைக்குப் போகுதுன்னா, ரூம் மேட்டைத் தேடுங்க.

ரெண்டாவது படி: உடம்பு. இ.எஸ்.ஐ., அரசு அட்டை, சொந்த பாலிசி... ஏதோ ஒண்ணு கட்டாயம் இருக்கணும். கைக்காசைச் சேர்க்கறதுக்கும் முன்னாடி இது ஏன்னா, ரெண்டு வருஷம் சேர்த்த காசை ஒரே ஒரு ஆபரேஷன் ஒரே வாரத்துல தின்னுடும்.

மூணாவது படி: ஆறு மாசக் கைக்காசு. தொட்டா உடனே வர்ற இடத்துல. சைட்டு, நகைச் சீட்டு எல்லாம் இந்தக் கணக்குல சேராது. ராத்திரி பத்து மணிக்கு சைட்டை வித்து ஆஸ்பத்திரியில கட்ட முடியாது.

நாலாவது படி: கெட்ட கடன் இல்லாமை. கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003-லயே சட்டப்படி குற்றம். ஆனா ‘பத்து வட்டி’ன்னு சாதாரணமா சொல்றாங்க. மாசம் 10 ரூபாய்னா வருஷம் 120 ரூபாய். வாங்கின நூறை விட வட்டி அதிகம்! ஆப்ல வாங்கற அவசரக் கடனும் அதோட ஒண்ணு விட்ட தம்பி. கல்விக் கடன் வேற ரகம். 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்காம தர்றது வழக்கம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி மட்டும் உள்ளே ஓடிட்டே இருக்கும். முடிஞ்சவங்க படிக்கறப்பவே வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தா, பின்னாடி மூச்சு முட்டாது.

அஞ்சாவது படி: உங்களை நம்பி இருக்கறவங்க. நீங்க திடீர்னு இல்லாமப் போனா வீட்டுக்கு என்ன வழி? அச்சானியமா பேசறேன்னு நினைக்காதீங்க. பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்துல வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுல வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம். ரெண்டும் சேர்த்து ஒரு பீட்சா விலை. சம்பளம் ஏறினதும் டேர்ம் பாலிசி. சேமிப்பும் இன்ஷூரன்ஸும் கலந்த பாலிசியை ‘சித்தப்பா ஏஜென்ட்டா இருக்கார்’ங்கறதுக்காக எடுத்துடாதீங்க.

இதுக்கெல்லாம் மேலதான் பி.எஃப். (கம்பெனி மாறினா எடுத்துச் செலவழிக்காம மாத்திக்குங்க), நீண்ட காலச் சேமிப்பு, சைட்டு, வீடு, நகை, கார் எல்லாம். அதெல்லாம் வேண்டாம்னு யாரும் சொல்லலை. மாடியைக் கட்டறதுக்கு முன்னாடி அஸ்திவாரம் போடலாமேன்னுதான் சொல்றோம்.

பைக் எங்கே வரும்?

‘பைக்கை எந்தப் படியிலயுமே காணோமே’ன்னு முறைக்கறது தெரியுது. பைக் தேவையா, ஆசையாங்கறது பைக்கைப் பொறுத்தது இல்லை, உங்க ஷிஃப்டைப் பொறுத்தது. சூலூர்ல வீடு, கீரணத்தத்துல வேலை, ராத்திரி பதினோரு மணிக்கு ஷிஃப்ட் முடியும், பஸ் கிடையாது... அப்போ ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டி அடிப்படைத் தேவை. காந்திபுரத்துல ரூம், நடக்கற தூரத்துல ஆபீஸ்... அப்போ ரெண்டரை லட்ச ரூபாய் பைக் ஆசை. ஆசையும் தப்பில்லை. ஆறாவது படியில ஏறி வாங்குங்க.

அஞ்சு பங்கு கணக்கு

காலேஜ் ரோட்டுல தினமும் பார்க்கற ஒரு பேரு, பி.எஸ்.ஜி. அந்தக் கதை தெரியும்தானே? பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவோட நாலு பிள்ளைங்க குடும்பச் சொத்தைப் பிரிச்சப்போ, நாலு பங்கா போடலை. அஞ்சு பங்கா போட்டு, அஞ்சாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதி வெச்சாங்க. 1926-ல உருவான அந்த அறக்கட்டளையிலதான் இன்னிக்கு ஆயிரக்கணக்கான பசங்க படிக்கறாங்க. அவங்க எல்லாம் போக மிச்சத்தைக் கொடுக்கலை. பிரிக்கறப்பவே ஒரு பங்கை முதல்ல ஒதுக்கிட்டாங்க. அந்த டெக்னிக்கை நாம சம்பளத்துக்குச் சுட்டுக்கலாம்.

24,000 ரூபாய் கைக்கு வருதுன்னு வெச்சுக்குவோம். அஞ்சுல ஒரு பங்கு 4,800. சம்பளம் வந்த அன்னிக்கே அது வேற அக்கவுன்ட்டுக்குப் போயிடணும். அப்புறம் வீட்டுக்கு 5,000. ரூம், சாப்பாடு 8,500. பஸ், போன் 2,200. மிச்சம் 3,500 உங்க இஷ்டம், யாரும் கணக்கு கேட்க மாட்டாங்க! இதுல கட்டாயச் செலவு 15,700. மூணு மாசத்துக்கு 47,100. 4,800 வீதம் பத்தே மாசத்துல அது சேர்ந்துடும். ஆறு மாசத்துக்கு 94,200. இருபது மாசம். இருபத்தி நாலு வயசுல, வேலை போனாலும் ஆறு மாசம் நிமிர்ந்து நிக்கற ஆள் நீங்க! அந்த 4,800-ஐ முதல் மாசமே பைக் இ.எம்.ஐ-க்குக் கொடுத்துட்டா, அதே இருபது மாசம் கழிச்சு கையில இருக்கறது ஒரு பழைய பைக்.

இன்னும் சம்பளமே வரலையா? பயிற்சி எடுக்க இப்பவே வழி இருக்கு. தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9-ல நம்ம கோவை அரசு கலைக் கல்லூரியிலதான் தொடங்கி வெச்சாங்க. அதுக்கு முன்னாடி 2022-ல புதுமைப் பெண். அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு மாசம் 1,000 ரூபாய். அந்த மாதிரி உதவித்தொகையோ, பார்ட் டைம் காசோ, அமுச்சி கையில திணிக்கற நூறு ரூபாயோ... எது வந்தாலும் அஞ்சுல ஒண்ணை எடுத்து வெச்சுட்டு மிச்சத்தைச் செலவு பண்ணிப் பாருங்க. 200 ரூபாயில வர்ற பழக்கம்தான் 20,000-லயும் வரும்.

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுல...

ஒரு சின்ன வேலை. அப்பா, அம்மா கூட சாப்பிட உட்காருங்க. மூணே கேள்வி கேளுங்க. ‘நம்ம வீட்டுக்கு மெடிக்கல் கவர் இருக்குங்களா, எங்கே இருக்கு? வருமானம் நின்னா எத்தனை மாசம் ஓட்டலாம்? யார்கிட்டயாவது என்ன வட்டிக்கு வாங்கியிருக்கோம்?’

முதல்ல அப்பா முறைப்பார். ‘படிக்கற வேலையைப் பாரு கண்ணு’ன்னு அம்மா பேச்சை மாத்துவாங்க. விடாதீங்க. கொங்கு வீடுகள்ல காசு விஷயத்தைப் பிள்ளைங்ககிட்ட பேசறதில்லைங்கற பழக்கம் ரொம்பப் பழசு. உங்க ஃபீஸுக்கு அவங்க எங்கே கை நீட்டினாங்கன்னு உங்களுக்கே தெரியாம இருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கற அன்னிக்கு, உங்க முதல் சம்பளம் முதல்ல எங்கே போகணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

கேட்டுட்டு வாங்க... அப்புறம் பைக் கலர் செலக்ட் பண்ணலாம்!